விருதுநகர் மாவட்டத்தில் வீடு எடுத்துக்கட்டும் முறைகள்: சுண்ணாம்பு முதல் கான்கிரீட் வரை

விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற வீட்டை மாற்றியமைக்கும் வேலைக்கு ஒரு சொல் மட்டும் இல்லை. ஒழுகும் ஓட்டை மாற்றிச் சுவரைப் பூசுவது 'ஒக்கிடுதல்'. வீட்டுச் சுவரை ஒட்டித் தகரமோ கல்நார் ஓடோ போட்டு இடத்தைக் கூட்டுவது 'சாய்ப்பு இறக்குதல்'. தளத்தின் மேல் அறை கட்டுவது 'மாடி எடுத்தல்'. பழைய வீட்டைப் பிரித்து அதே மனையில் புதிதாக எழுப்புவது 'எடுத்துக்கட்டுதல்'. இவற்றுள் எதை ஒரு குடும்பம் தேர்ந்தது என்பது அதன் விருப்பத்தை மட்டும் பொறுத்ததாக இருக்கவில்லை. கரிசல் மண், கையில் கிடைத்த கட்டுமானப் பொருள், கூலி வந்த விதம், வீட்டுக்குள் நடந்த தொழில் ஆகியவை சேர்ந்தே அதைத் தீர்மானித்தன. தீப்பெட்டியும் பட்டாசும் பரவிய சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் நான்காவது காரணம் மற்ற மூன்றையும் மிஞ்சியது.

இன்றைய மாவட்டம் 1985 மார்ச் 15 அன்று பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுக் காமராசர் மாவட்டம் என்ற பெயரில் உருவானது. விருதுநகர் என்ற ஊர்ப்பெயரும் பழையதன்று. 1923 வரை அது விருதுபட்டி.

மண்

மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், மலையை ஒட்டிய ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கங்களில் செம்மண் உண்டு. விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் பெரும்பகுதி கரிசல். பருத்திக்கு உகந்த இந்த மண் வீட்டுக்கு ஆகாதது. நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கரிசல் காட்டில் கையை விடுமளவுக்கு வெடிப்பு விழுவதைக் காணலாம். அதே அசைவு வீட்டு அஸ்திவாரத்துக்குக் கீழும் நடக்கிறது. ஜன்னல் மூலையில் தொடங்கிக் கோணலாக ஏறும் வெடிப்பும், மழைக்காலத்தில் இறுகிக் கோடையில் தளரும் கதவும் கரிசல் வீட்டின் அடையாளங்கள்.

வெடிப்பில் சிமெண்டை அடைத்துப் பூசுவதுதான் வீட்டுக்காரர் முதலில் செய்வது. அடுத்த கோடையில் அதே இடத்திலோ ஒரு விரல் தள்ளியோ அது மறுபடி திறக்கும். சுவரில் தெரிவது விளைவு மட்டுமே, காரணம் மண்ணில் உள்ள ஈர மாற்றம். ஆகவே அனுபவமுள்ள கொத்தனார்கள் சுவரைப் பார்ப்பதற்கு முன் குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, சுவர் ஓரத்தில் மரம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். வீட்டைச் சுற்றித் தளம் போட்டு நீரை அப்பால் கொண்டுபோவது வெடிப்பு அடைப்பதைவிடப் பலன் தருவது. ஆனால் கண்ணுக்கு அழகாகத் தெரியாத வேலை என்பதால் பலரும் அதற்குக் காசு செலவிடத் தயங்குவர்.

புதிதாகக் கட்டும்போது கரிசலைத் தாண்டி, சுக்கான் என்ற சுண்ணாம்புக் கல் அடுக்கோ சரளோ தட்டும்வரை வானம் தோண்டுவது பழைய வழக்கம். தோண்டிய கரிசலை அங்கேயே போட்டு மூடாமல் சரளும் மணலும் நிரப்புவார்கள். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்காக, அடிப்பகுதி குடம்போல் அகன்ற கான்கிரீட் தூண்களைப் பரவலாக்கியது. ஆழத்தில் ஈரம் மாறாத அடுக்கில் அந்தக் குடம் ஊன்றிக்கொள்ளும்.

வீட்டைச் சிறுகச் சிறுக வளர்க்க நினைத்தவர்களை இந்த மண் கடுமையாகச் சோதித்தது. இருபது ஆண்டுக்கு முன் அமர்ந்துவிட்ட சுவரோடு இன்றைய அறையின் சுவரை ஒட்டினால், புதியது தன் பங்குக்கு இறங்கும்போது இரண்டுக்கும் நடுவே நேர்கோடாக விரிசல் விழும். தரைத்தளம் மட்டும் எண்ணித் தோண்டிய அஸ்திவாரத்தின் மேல் மாடி எடுத்தால் சிக்கல் இன்னும் பெரிது.

மெழுகிய வீடு

சிற்றூர்களின் பழைய வீடு மண்சுவரும் பனையும் கொண்டது. பனங்கையும் வரிச்சும் கூரையைத் தாங்கின. மேலே பனையோலையோ நாட்டு ஓடோ இருந்தது. இந்த வீட்டுக்குப் பராமரிப்பு என்பது ஆண்டு முழுவதும் நடந்த ஒரு வேலை. தரையைச் சாணம் கரைத்து மெழுகுவதும், மழையில் கரைந்த சுவருக்கு மண் அப்புவதும் பெரும்பாலும் பெண்கள் செய்தவை. ஓலை மாற்றுவதும் ஓடு பிரித்து மேய்வதும் ஆண்களுடையவை. உறவினரும் பக்கத்து வீட்டாரும் கைகொடுக்க, சாப்பாடு போட்டு முடித்தார்கள்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் வெள்ளையடிப்புக்கு உரியது. சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் நீற்றி, கொதிப்பு அடங்கியபின் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கஞ்சியும் வெண்மை தூக்கலாகத் தெரிய நீலமும் சேர்த்து, நுனி நசுக்கிய மட்டையால் அடிப்பார்கள். அடியில் ஒரு பட்டைக் காவி. வீட்டுக்காரர் தாமே செய்யும் வேலை என்று இன்று புதுமையாகப் பேசப்படுவது இங்கே ஏழைகளின் கட்டாயமாக இருந்தது. சிமெண்ட் தரை வந்தபோது மெழுகும் வேலை ஒழிந்தது பெண்களுக்குப் பெரிய விடுதலை. ஆனால் அதோடு வீட்டைப் பழுதுபார்க்கும் அறிவு குடும்பத்தின் கையிலிருந்து கூலிபெறும் கொத்தனாரின் கைக்குப் போனது. மண்சுவரைச் சரிசெய்யக் காசு வேண்டாம், கான்கிரீட் தளத்தைச் சரிசெய்யக் காசு வேண்டும்.

கரிசல் காட்டு வீடுகளில் ஒரு மரக்கதவு எவ்வளவு பெரிய உடைமை என்பதை அண்டை வட்டாரமான இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதை காட்டுகிறது. வரிபாக்கிக்காக ஒரு ஏழை வீட்டின் கதவு கழற்றிச் செல்லப்படுவதுதான் அதன் கரு. மண்சுவரையும் ஓலையையும் யாரும் ஜப்தி செய்ய முடியாது. பெயர்த்து எடுக்கக்கூடியதும் விலைபோகக்கூடியதும் கதவுதான்.

சுண்ணாம்பும் மகமையும்

வணிகர்களின் வீடு வேறு வகை. விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டைகள் அமைத்து வளர்ந்தனர். முன்பக்கம் கடை, உள்ளே குடியிருப்பு, பின்னாலோ பக்கத்திலோ சரக்கு வைக்கும் கிட்டங்கி என்று வாழ்வும் வணிகமும் அருகருகே நடந்தன. பருத்தி, மிளகாய், எண்ணெய் வணிகத்தில் வந்த பணம் கூரை வீட்டை மச்சு வீடாக்கியது. கூரை வீட்டின் பெரிய பயம் தீ. 1899ஆம் ஆண்டு சிவகாசிக் கலவரத்தில் அந்தப் பயம் ஊர் அளவில் உண்மையானது, நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடுகள் கொளுத்தப்பட்டன. பூமணியின் 'அஞ்ஞாடி' நாவல் இந்தக் காலத்தைக் களமாகக் கொண்டது.

மச்சு என்பது இன்று மெட்ராஸ் டெரஸ் என அழைக்கப்படும் தளம். மர உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குறுக்குக் கோணத்தில் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பார்கள். அதன் மேல் உடைத்த செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பப்படும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் இடிப்பார்கள், இடைவிடாமல் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் தெளிக்கப்படும். பின் தட்டோடு பதித்து முடிப்பார்கள். பனை மிகுந்த இந்த நிலத்தில் கருப்பட்டிக்குப் பஞ்சம் இல்லை. சுண்ணாம்புக் கல்லும் உள்ளூரிலேயே கிடைத்தது. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடிப் பகுதியில் வெட்டப்படும் கல் அதற்குச் சான்று. காளவாசல்களில் சுட்ட சுண்ணாம்பு மாட்டுவண்டியில் ஊர்களுக்குப் போனது.

சுண்ணாம்பு மெல்ல இறுகும், ஆனால் சற்று வளைந்து கொடுக்கும். கரிசலின் சிறு அசைவுகளுக்கு அது ஈடுகொடுத்ததற்கு அந்தக் குணமே காரணம். சுவர் மூச்சுவிடும், உள்ளே ஏறிய ஓதம் வெளியே போகும். பிற்காலத்தில் இத்தகைய சுவர்களைச் 'சரிசெய்ய' மேலே சிமெண்ட் பூசியவர்கள் நன்மை என்று எண்ணித் தீங்கு செய்தார்கள். ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. இதைக் கண்ட வீட்டுக்காரர்கள் பழைய சுவர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி வீட்டையே இடித்தனர். மாவட்டத்தில் மறைந்துபோன மச்சு வீடுகளில் ஒரு பகுதியேனும் முதுமையால் அல்ல, பொருந்தாத மருந்தால் போனது.

கட்டடத்துக்கான பணம் தனி வீட்டுக்கு மட்டும் போகவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு சரக்குக்கும் உறவின்முறை வசூலித்த மகமைப் பணத்தில் கோயிலும் கிணறும் பள்ளியும் எழுந்தன. விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலை இந்த மரபில் வந்தது. வீடுதோறும் பிடி அரிசி திரட்டி நடத்தப்பட்ட பள்ளி அது.

புதுக்கப்படாத ஒரு வீடு

அந்தப் பள்ளியில் படித்தவர்களுள் ஒருவர் 1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில் பிறந்த காமராசர். 1954 முதல் 1963 வரை தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தவரின் விருதுநகர் வீடு, மாவட்டத்தின் வீட்டு வரலாற்றில் எதிர்மறையான ஓர் எடுத்துக்காட்டு.

மகன் முதலமைச்சரானபின் வீட்டுக்கு ஆள் வரத்து கூடியது. வீட்டில் கழிப்பறை இல்லாததால் வருபவர்களுக்குச் சங்கடம் என்றும், பக்கத்து இடம் விலைக்கு வருகிறது, அதை வாங்கினால் கழிப்பறை கட்டலாம் என்றும் தாயார் சிவகாமி அம்மாள் கேட்டனுப்பினார், காமராசர் மறுத்துவிட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஊர்க் குழாய்க்குப் போகவேண்டியிராதபடி வீட்டுக்குத் தனியாகத் தரப்பட்ட குடிநீர் இணைப்பை அவர் துண்டிக்கச் செய்தார் என்ற செய்தியும் அதனுடன் சேர்த்தே சொல்லப்படுகிறது. இவை பெரும்பாலும் நேர்மைக்குச் சான்றாகவே கூறப்படுகின்றன. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டின் பக்கமிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மறுத்தவர் சென்னையில் வாடகை வீட்டில் இருந்தார், கழிப்பறை இல்லாத வீட்டில் இருந்தவர் வயதான தாய். வீட்டில் எதை மாற்றுவது என்பதை முடிவுசெய்தவர் ஒருவராகவும், அந்த வீட்டில் அன்றாடம் புழங்கியவர் வேறொருவராகவும் இருந்தது அந்தக் காலத்துத் தமிழ் வீடுகள் பலவற்றின் நிலை. பெரும்பாலான வீடுகளில் நேர்மை காரணமாக இல்லை. கழிப்பறை வீட்டுக்குள் கூடாது என்ற பழக்கமும், அதற்குப் போடும் காசு வீண் என்ற எண்ணமுமே காரணங்கள். தனிநபர் கழிப்பறைக்கு ரூ.12,000 மானியம் தரும் தூய்மை இந்தியா இயக்கம் 2014இல் தொடங்கும்வரையிலும் மாவட்டத்தின் ஊரகப் பகுதிகளில் இந்த எண்ணத்தின் தடம் இருந்தது.

காமராசர் 1975 அக்டோபர் 2 அன்று காலமானார். விருதுநகர் வீடும் சென்னை தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலை வீடும் பின்னர் அரசு நினைவில்லங்களாயின.

பெர்மிட் சிமெண்ட்

தாழையூத்துக்கு அருகே சங்கர்நகரில் 1949இல் சிமெண்ட் உற்பத்தி தொடங்கியது. ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.ஏ.சி. ராமசாமி ராஜா நிறுவிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ், 1962இல் விருதுநகருக்கும் சாத்தூருக்கும் இடையே துலுக்கப்பட்டி அருகில் தன் முதல் ஆலையை இயக்கியது. ஆலையைச் சுற்றி ராமசாமி ராஜா நகர் எழுந்தது. சுண்ணாம்புக் கல் இப்போது காளவாசலுக்குப் பதிலாக ஆலைச் சூளைக்குப் போனது.

ஆலை பக்கத்தில் இருந்ததால் சிமெண்ட் எளிதாகக் கிடைத்தது என்று எண்ணிவிடக்கூடாது. இரண்டாம் உலகப் போர்க் காலம் தொட்டுப் பெரும்பாலான ஆண்டுகளில் சிமெண்ட் விலையும் வினியோகமும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. வீடு கட்டுபவர் விண்ணப்பித்து, இத்தனை மூட்டை என்று எழுதிய பெர்மிட் பெற்று வாங்க வேண்டும். மிச்சத்துக்குக் கறுப்புச் சந்தை. கட்டுப்பாடு 1982இல் பாதியாகவும் 1989இல் முழுதாகவும் நீங்கியது. எந்த அழகியல் மாற்றத்தையும்விட இந்த இரண்டு ஆண்டுகள்தாம் மாவட்டத்தின் வீடுகளை மாற்றின. பெர்மிட் காலத்தில் கிடைத்த சிமெண்டைத் தரைக்கும் பூச்சுக்கும் வைத்துக்கொண்டு, கட்டுக்குச் சுண்ணாம்பையோ மண்ணையோ பயன்படுத்தும் கலப்பு வீடுகள் எழுந்தன. பெர்மிட் நீங்கியபின் காசு இருக்கும் அளவுக்கு எப்போது வேண்டுமானாலும் கட்டலாம் என்றானது. சிறுகக் கட்டும் பழக்கம் ஓலை வீட்டிலிருந்து அப்படியே கான்கிரீட்டுக்கு இடம்பெயர்ந்தது.

அதன் அடையாளத்தை எந்தத் தெருவிலும் மொட்டைமாடியில் பார்க்கலாம். தூண்களின் தலையிலிருந்து மூன்றடி, நான்கடிக்குக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். 'மகன் தலையெடுத்தால் மாடி எடுப்பான்' என்ற நம்பிக்கையில் விட்டவை. பத்து, பதினைந்து ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நிற்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது. பருத்த துரு கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. மாடி எடுக்கும் நாள் வரும்போது அந்தக் கம்பி சுமை தாங்கும் நிலையில் இருப்பதில்லை. விட்டுவைக்கும் நாளிலேயே கம்பியைச் சிமெண்ட் பால் பூசியோ மெலிந்த கான்கிரீட்டால் மூடியோ வைப்பது சிறு செலவு, ஆயினும் செய்பவர் குறைவு.

சிமெண்ட் காலத்தில் வேலையை ஒப்படைக்கும் வழிகள் மூன்றாகப் பிரிந்தன. பழையது நாள் சம்பளம். வீட்டுக்காரர் பொருளை வாங்கிப்போட, தெரிந்த கொத்தனார் ஒருவர் நிமிந்தாள், சித்தாளோடு வந்து வேலை செய்வார். காசு தீர்ந்தால் வேலை நிற்கும். கசப்பில்லாமல் நிறுத்திப் பின் தொடர முடிவது இதன் பெரிய வசதி. குடும்பத்தில் ஒருவர் நாள் முழுதும் கூடவே இருப்பதால் எந்தச் சுவருக்குள் என்ன போனது என்று அவர்களுக்குத் தெரியும். வேலை இழுப்பது இதன் குறை.

இரண்டாவது, சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலியை மட்டும் பேசும் லேபர் காண்ட்ராக்ட். பொருள் வீட்டுக்காரருடையது. சண்டை பெரும்பாலும் அளவில்தான் வரும். ஜன்னல் மேல் சன்ஷேடும் கைப்பிடிச் சுவரும் கழிவுநீர்த் தொட்டியும் சதுர அடியில் சேருமா சேராதா என்பதை முன்பே பேசாதவர்கள் கடைசியில் பேச வேண்டியிருக்கும். மூன்றாவது, பொருளும் கூலியும் சேர்ந்த முழுக் காண்ட்ராக்ட். அஸ்திவாரம், தளம், பூச்சு என்று கட்டங்களாகப் பணம் தரப்படும். வங்கிக் கடனில் கட்டுபவர்களும் வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் இதை நாடுகிறார்கள். மனை 2,500 சதுர அடிக்கும் கட்டடம் 3,500 சதுர அடிக்கும் மிகாத வீடுகளுக்குச் சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி தரும் முறையைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. புதிய வீட்டுக்கு அது பயன்படும். சாய்ப்பு இறக்குபவர் அன்றும் அனுமதி கேட்டதில்லை, இன்றும் கேட்பதில்லை.

எந்த வழியானாலும் வறண்ட மாவட்டத்தில் ஒரு பொதுச் சிக்கல் தண்ணீர். போட்ட தளத்தின் மேல் பாத்தி கட்டி ஒரு வாரத்துக்குக் குறையாமல், முடிந்தால் இரண்டு வாரம் நீர் நிறுத்தினால்தான் கான்கிரீட் உரிய வலுப்பெறும். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊர்களில் மூன்றாம் நாளே பாத்தி காய்ந்துவிடுகிறது. சிமெண்ட் மூட்டையைக் கணக்கிடும் வீட்டுக்காரர்கள் தண்ணீரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

திண்ணையும் சாய்ப்பும்

பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அடுத்த ஆண்டு சிவகாசியில் ஆலை தொடங்கியது. கைவேலையாக அமைந்ததால் தொழில் வீடுகளுக்குள் எளிதாக நுழைந்தது. திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவதும் குச்சி அடுக்குவதும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கூலி தந்த வேலைகளாயின. குழந்தை உழைப்பு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த எம்.சி. மேத்தா வழக்குத் தீர்ப்பு சிவகாசியை முன்னிட்டே எழுந்தது.

வேலை வீட்டுக்கு வந்ததும் வீட்டின் அமைப்பு அதற்கு ஏற்ப வளைந்தது. திண்ணையை அடைத்து அறையாக்கினார்கள். பசை காயவும் காகிதம் அடுக்கவும் பக்கச் சுவரை ஒட்டிச் சாய்ப்பு இறக்கினார்கள். பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றுதல் போன்ற, மருந்து படாத வேலைகளுக்கு இந்த இடம் போதும். மருந்து என்பது இங்கே வெடிமருந்துக் கலவைக்கு வழங்கும் சொல். அது வீட்டுக்குள் வருவதுதான் எல்லை மீறல்.

உரிமம் பெற்ற பட்டாசு ஆலையின் அறையை இந்த இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி மருந்து கையாளும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடையே குறித்த தூரம் வேண்டும். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உரிமம் தருவது அளவைப் பொறுத்து மாவட்ட நிர்வாகமோ, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனமோ. அனுமதித்த வரைபடத்தை மீறி ஓர் அறையைக் கூட்டவோ மாற்றவோ உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை. மாவட்டத்தில் தன் விருப்பப்படி மாற்றக்கூடாத கட்டடம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

வீடு இதற்கு நேர் எதிர். வசதிக்கும் பாதுகாப்புக்கும் செய்த மாற்றங்களே மருந்து உள்ளே வந்தால் ஆபத்தாகின்றன. திருட்டுக்குப் பயந்து போட்ட இரும்பு கிரில் தப்பும் வழியை அடைக்கிறது. ஒரே வாசல், அதுவும் உள்நோக்கித் திறக்கும். ஆலை அறைகள் தள்ளித் தள்ளி நிற்க, தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஆசையாகப் போட்ட கான்கிரீட் தளம் வெடிப்பின் விசையை அடைத்துவைத்து, பின் மொத்தமாகக் கீழே விழுகிறது. அடுப்பும் மின்சுவிட்சும் கைபேசியும் சில அடி தூரத்தில் இருக்கின்றன. 2021இல் தாயில்பட்டியில் வீட்டில் அனுமதியின்றிப் பட்டாசு தயாரித்தபோது நடந்த விபத்தில் உயிர்கள் போயின, அக்கம்பக்க வீடுகளும் சேதமாயின. வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரங்களில் இத்தகைய செய்தி புதிதன்று.

இதைப் பேராசை என்று மட்டும் ஒதுக்குவது எளிது. கூலி வரும் விதத்தையும் பார்க்க வேண்டும். பட்டாசுக் கூலி ஆண்டு முழுவதும் சீராக வருவதில்லை. தீபாவளிக்கு முன் வேலையும் போனசும், தீபாவளி முடிந்தபின் சில வாரங்கள் வெறுங்கையும் என்று ஓடுவது அது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடுத்து, பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் இடம் தந்தபின் ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. வாரக்கூலி நின்றால் முதலில் நிற்பது வீட்டு வேலை, நில்லாதது சீட்டும் வட்டியும். மாடி எடுக்க வாங்கிய கடனை அடைக்க அதே வீட்டின் சாய்ப்புக்குள் மருந்து வந்துசேரும் வழி இதுவே.

அரசின் அளவுகோல்

குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 2010இல் ரூ.75,000 மானியத்துடன் நடைமுறைக்கு வந்தது. 2011இல் ஆட்சி மாறியபின் அதன் இடத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு ரூ.1.80 லட்சம் தரும் முதலமைச்சரின் சூரிய ஒளியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது. மானியம் முழு வீட்டுக்கும் போதாது என்பது பயனாளிகளுக்கு முதலிலேயே தெரியும். நகையை அடகு வைத்தும் சொந்த உழைப்பைச் சேர்த்தும் முடித்தார்கள். அளவு சுருங்கிய வீட்டுக்கு ஒரு வருடத்துக்குள் முன்புறம் தகரச் சாய்ப்பு இறங்குவது வழக்கமானது. அதிகாரி அளந்துபோன வீடு வேறு, குடும்பம் வாழ்ந்த வீடு வேறு. 2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட ஊரக வீடுகளைப் பழுதுபார்ப்பதற்கென்றே தனித் திட்டம் 2024–25இல் அறிவிக்கப்பட்டது. கட்டிக்கொடுத்தபின் வீட்டைக் காக்கவும் பணம் வேண்டும் என்பதை அரசுக் கணக்கு ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது.

2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ரூ.3.50 லட்சம். மொத்தப் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் கட்டாயம். மீதி 60 சதுர அடியின் கூரை பயனாளியின் விருப்பத்துக்கு விடப்பட்டது, ஓலையும் கல்நாரும் மட்டும் கூடாது. சாய்ப்பு என்ற பெயர் விதிகளில் இல்லையென்றாலும் அதற்கான இடம் இம்முறை வரைபடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அந்த 60 சதுர அடியைச் சிலர் சமையலுக்கும், சிலர் ஆடு கட்டவும், சிவகாசிப் பக்கத்தில் சிலர் காகிதக் குழாய் சுற்றவும் வைத்துக்கொள்கிறார்கள்.